எண் ஒன்றை அழுத்தவும்

அத்தியாயம் 11

சென்ற வாரம் டெய்லரம்மாவைக் கைதட்டலுக்கு நடுவே விட்டுவிட்டு வந்தோம். கைதட்டல் ஓய்ந்து மூன்று நாளாகிறது. இன்று புதன்கிழமை, சொன்னதைச் செய்து காட்ட வேண்டிய நாள்.

புதிதாக வந்து சேர்ந்தவர்களுக்காக நாலு வரி. இந்த ஊருக்கு வாய்த்த செல்போன் கம்பெனி ஒன்றே ஒன்று. ஒரு நிமிடத்துக்கு மேல் ஒரு நொடி பேசினாலும் இரண்டு நிமிடத்துக்குக் காசு பிடிப்பார்கள். அதனால் ஊரே ஐம்பத்தைந்தாவது நொடியில் போனை வைத்துவிடப் பழகிவிட்டது. சம்பந்தம் பேசியவர்களும் ஐம்பத்தைந்தில் வைத்தார்கள், சண்டை போட்டவர்களும் ஐம்பத்தைந்தில் வைத்தார்கள். சண்டையை எங்கே விட்டோம் என்று மறந்துபோய், மறுநாள் சமாதானமாகிவிட்ட தம்பதிகளும் உண்டு.

பேசுகிற நொடிக்கு மட்டும் காசு வாங்கு என்று கேட்கத்தான் கட்டணக் குறைப்புக் குழு பிறந்தது. தலைவர், ஓய்வு பெற்ற தபால்காரர். செயலாளர், பள்ளிச் சீருடை தைக்கும் நம் டெய்லரம்மா. அவருடைய ஒரே மருமகள் அதே கம்பெனியின் உதவி மையத்தில் நாலு மாதமாக வேலை பார்க்கிறாள் என்பது குழுவில் ஒருவருக்கும் தெரியாது. கேட்டிருந்தால் டெய்லரம்மா சொல்லியிருப்பார். யாரும் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை.

வீட்டில் மட்டும் ஒரு சட்டம் போட்டிருந்தார். போன் பேச்சை யாரும் எடுக்கக் கூடாது. அந்தச் சட்டம் வந்த நாளிலிருந்து மற்றப் பேச்சும் சேர்ந்து சுருங்கிவிட்டது. ஆறு வாரமாக மருமகள் வாயிலிருந்து 'அத்தை' என்ற சொல் வரவில்லை. 'சாவி ஆணியில இருக்கு', 'தண்ணி வந்துருச்சு' என்று யாரைப் பார்த்துச் சொல்கிறாள் என்றே தெரியாத பேச்சாக ஓடிக்கொண்டிருந்தது.

இன்றைய திட்டம் எளிமையானது. கம்பெனியின் உதவி எண்ணுக்கு அழைத்தால் காசு கிடையாது. ரெண்டாயிரம் உறுப்பினரும் காலை எட்டிலிருந்து அதற்கு அழைக்க வேண்டும். மனதில் உள்ளதையெல்லாம் ஆற அமரச் சொல்ல வேண்டும். கடைசியில் பதிவு செய்த குரல், ஒன்றிலிருந்து ஐந்து வரை மதிப்பெண் கொடுக்கச் சொல்லும். எல்லோரும் ஒன்றைப் போட வேண்டும். இந்தக் கடைசி யோசனைக்குத்தான் சென்ற வாரம் அவ்வளவு கைதட்டல். அது டெய்லரம்மாவின் சொந்தச் சரக்கு.

காலை பத்து மணிக்கெல்லாம் தையல் கடைக்கு வெற்றிச் செய்திகள் வர ஆரம்பித்தன. முதலில் வந்தவர் சலவைக் கடைக்காரர்.

"பதினெட்டு நிமிஷம் பேசினேன் டெய்லரம்மா. என் ஆயுசுல போன்ல இவ்வளவு நேரம் பேசினதில்ல. கட்டணத்தைப் பத்தி ரெண்டு நிமிஷத்துல முடிஞ்சிருச்சு. அப்புறம் முழங்கால் வலி, தம்பி பாகம் கேட்டது, எல்லாத்தையும் சொல்லிட்டேன்."

"அவங்க கேட்டாங்களா?"

"நல்ல பொண்ணு. பொறுமையா கேட்டுது. சுடுதண்ணி ஒத்தடம் குடுங்கன்னுது. கடைசில ஒண்ணு போட்டுட்டுத்தான் வெச்சேன்."

டெய்லரம்மா காலரைத் திருப்பிப் போட்டுத் தைத்துக்கொண்டே சிரித்தார். மிஷின் அன்றைக்கு வெண்ணெயாக ஓடியது. சரியாகச் சொன்னால், அது பதினொரு மணி வரை ஓடியது.

பதினொரு மணிக்கு மகன் வந்தான். அவன் எலக்ட்ரீஷியன். வேலை நேரத்தில் கடைப் பக்கம் எட்டிப் பார்க்கிறவன் இல்லை. இன்று வந்து, ஏணியைச் சுவரில் சாய்த்துவிட்டு, துணி வெட்டும் மேஜை ஓரத்தில் உட்கார்ந்தான்.

"அம்மா, அந்த ஒண்ணு போடுறது யாரோட யோசனை?"

"ஏன், என்னோடதுதான்." குரலில் கொஞ்சம் பெருமை ஒட்டிக்கொண்டிருந்தது.

"அது கம்பெனிக்குப் போற மார்க் இல்லம்மா. போனை எடுத்த ஆளுக்குப் போற மார்க்."

டெய்லரம்மா மிஷினை நிறுத்தினார்.

"இன்னிக்கு அவளுக்கும் அவளோட சேர்ந்த எல்லாருக்கும் சோதனைக் காலம் முடியுது. அஞ்சு மணிக்குப் பட்டியல் ஒட்டுவாங்க. மார்க் இருந்தா வேலை நிரந்தரம். இல்லேன்னா நாளைலேர்ந்து வீடுதான்."

"இத முன்னாடியே சொல்றதுக்கென்ன?"

"போன் பேச்சை எடுக்காதேன்னு சட்டம் போட்டது யாரு? காலைல கிளம்பறப்பதான் எங்கிட்டயே சொன்னா. நீ உன் கூட்டத்துக்கு என்ன சொல்லி வெச்சிருக்கேன்னு எனக்கு இப்பத்தானே தெரியும்."

அவருக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. முன்பு மருமகள் வேலை பார்த்த அச்சகம் மூடிய பிறகு மூன்று வருடம் அவள் வீட்டில் ஜன்னல் ஓரமாகவே கிடந்தாள். கூப்பிட்டால் மூன்றாவது தடவைதான் திரும்புவாள். இந்த நாலு மாதத்தில்தான் காலையில் ஏதோ ஒரு பாட்டை முணுமுணுத்தபடி தலை வாருகிறாள். அந்த முணுமுணுப்பைப் பக்கத்து அறையில் படுத்தபடி கேட்கிறபோதெல்லாம் டெய்லரம்மாவுக்கு உள்ளுக்குள் ஒரு சந்தோஷம். அதை அவளிடம் ஒரு நாளும் சொன்னதில்லை. இன்று அந்தப் பாட்டை நிறுத்த, தானே ரெண்டாயிரம் பேரை அனுப்பி வைத்திருக்கிறோமே என்று நினைத்துக்கொண்டார்.

"இப்ப நான் என்னடா செய்யணும்?"

"ஏதாவது செய். ஆனா போராட்டத்தை நிறுத்திடாதே. நானே இருபது பேரைப் போன் பண்ணச் சொல்லி வெச்சிருக்கேன்."

"நீ எந்தப் பக்கம்டா?"

"அதுதாம்மா தெரியல" என்று சொல்லிவிட்டு அவன் ஏணியைத் தூக்கிக்கொண்டு போய்விட்டான்.

தலைவர் படிப்பகத்தில் இருந்தார். மேஜை மேல் உறுப்பினர் பட்டியல் போட்ட மூன்று நோட்டு, பக்கத்தில் ஆறிப்போன தேநீர். முப்பது வருடம் கடிதம் கொடுத்தவர் என்பதால் எந்தத் தெரு எந்தப் பக்கம் என்பது இன்றும் அவருக்கு அத்துப்படி. எட்டுத் தெரு முழுக்க அழைத்து முடித்துவிட்டார்கள் என்று வரைபடமே போட்டு வைத்திருந்தார்.

"தலைவரே, ஒண்ணுக்குப் பதிலா அஞ்சு போடச் சொன்னா என்ன?"

தலைவர் கண்ணாடியைக் கழற்றினார். "என்ன செயலாளரம்மா, உடம்புக்கு முடியலையா?"

"இல்ல, அந்த மார்க் போனை எடுக்கிற பிள்ளைங்களுக்குப் போகுதாம். பாவம், அதுங்க என்ன செஞ்சுது?"

"பாவம்தான், இல்லேங்கல. ஆனா ரெண்டாயிரம் பேர் அஞ்சு போட்டா, நாளைக்கே பேப்பர்ல விளம்பரம் வரும். வாடிக்கையாளர் எல்லாருக்கும் பரம திருப்தின்னு போடுவான். நாம முகத்தை எங்க கொண்டு போய் வெச்சுக்கறது?"

டெய்லரம்மா இதை யோசிக்கவே இல்லை. "அப்ப மார்க்கே போடாம வெச்சிடச் சொல்லலாம்."

"போடலேன்னா என்ன ஆகும்?"

"தெரியல. உங்களுக்கு?"

"எனக்கும் தெரியல." தலைவர் கண்ணாடியை மறுபடி மாட்டிக்கொண்டார். "தெரியாத விஷயத்தை ரெண்டாயிரம் பேருக்கு எப்படிம்மா சொல்றது? சொல்றதாவே இருந்தாலும் எதுல சொல்றது, போன்லயா? அந்தக் காசு இருந்தா நமக்கு எதுக்குப் போராட்டம்?"

அந்த இடத்தில் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். பாவம் என்று சொன்னது பொதுவாக இல்லை, என் மருமகள் அங்கே இருக்கிறாள் என்று. சொல்ல வாயெடுத்தார். தலைவர் நோட்டைத் திறந்து ஒன்பதாம் தெருவுக்குப் போய்விட்டார். டெய்லரம்மா மென்று விழுங்கிவிட்டுக் கடைக்குத் திரும்பினார்.

விவரம் தெரிந்த ஒரே ஆள் மருமகள்தான். ஆனால் உதவி மையத்துக்குள் போகும்போதே அவரவர் போனை வாங்கிப் பெட்டியில் வைத்துப் பூட்டிவிடுவார்கள். அவளைப் பிடிக்க இருக்கிற ஒரே வழி, ஊரே அழைத்துக்கொண்டிருக்கும் அந்த உதவி எண்தான். அங்கே அறுபது பேர். அவள் பதினேழாம் நம்பர். அந்த எண் போட்ட அட்டை தினமும் ராத்திரி சாவி ஆணியில்தான் தொங்கும்.

கடைக் கதவைப் பாதி சாத்திவிட்டு அழைத்தார். இருபது நிமிடம் காத்திருக்கச் சொல்லி ஒரே இசையைத் திரும்பத் திரும்பப் போட்டார்கள். பிறகு மூக்கடைத்த ஒரு பெண் குரல், உதவியாளர் நாற்பத்திரண்டு என்றது.

"பதினேழாம் நம்பர்கிட்ட குடும்மா."

"அப்படி மாத்த முடியாது மேடம். உங்க புகாரை எங்கிட்ட சொல்லலாம்." சொல்லி முடிப்பதற்குள் இரண்டு தும்மல்.

"உனக்கு உடம்பு சரியில்லையாம்மா?"

"காலைலேர்ந்து மூச்சு விடக்கூட நேரமில்ல மேடம். வேற ஏதாவது உதவி வேணுமா?"

மதிப்பெண் கேட்கும் குரல் வந்தது. டெய்லரம்மாவுக்கு மனசு கேட்கவில்லை. ஐந்தைப் போட்டார். போட்ட பிறகு, செயலாளரே இப்படிச் செய்தால் எப்படி என்று குற்ற உணர்ச்சி வந்தது. மறுபடி அழைத்தபோது எடுத்த ஆளுக்குச் சமாதானமாக மூன்று போட்டார். அதற்கடுத்தவருக்கு ஒன்றுமே போடாமல் வைத்தார். நாலாமவர் கொஞ்சம் சிடுசிடுத்ததால் கொள்கைப்படி ஒன்று விழுந்தது. மதியத்துக்குள் தன் சொந்தப் போராட்டத்தை எத்தனை விதமாக மீற முடியுமோ அத்தனை விதமாகவும் மீறியிருந்தார்.

ஏழாவது தடவை, இரண்டு மணிக்கு, அந்தக் குரல் வந்தது.

"வணக்கம். உதவியாளர் பதினேழு பேசுகிறேன். உங்களுக்கு எப்படி உதவலாம்?"

வீட்டில் கேட்டிராத குரல். தெளிவாக, நிமிர்ந்து உட்கார்ந்த குரல். டெய்லரம்மாவுக்கு ஒரு நொடி யாரோ என்றிருந்தது.

"நான்தாம்மா."

அந்தப் பக்கம் பின்னால் ஐம்பது பேர் ஒரே நேரத்தில் பேசும் இரைச்சல் மட்டும் கேட்டது.

"சொல்லுங்க மேடம்."

"உனக்கு இன்னிக்குன்னு எனக்குத் தெரியாதும்மா. சத்தியமா தெரியாது. எல்லாரும் ஒண்ணு போட்டுக்கிட்டு இருக்காங்க. நான் சொல்லித்தான் போடுறாங்க. அஞ்சு போடச் சொல்லட்டா, போடாம வெச்சிடச் சொல்லட்டா, ஒண்ணும் புரியல. நீயே சொல்லு, நான் என்ன போடணும்?"

மருமகளின் குரல் தாழ்ந்து, அலுவலக வாசனை போய், வீட்டுக் குரலாக வந்தது.

"அத்தை, நீங்க போட வேண்டியது..."

டெய்லரம்மாவின் கட்டைவிரல் சிவப்புப் பொத்தானை அழுத்திவிட்டது.

வேண்டுமென்று செய்யவில்லை. பேச ஆரம்பித்து ஐம்பத்தைந்து நொடி ஆகியிருந்தது. அஞ்சு வருடப் பழக்கம், விரலுக்கு அது இலவச எண் என்று யார் சொல்வது. இருண்டுபோன போனைக் கையில் வைத்துக்கொண்டு அவர் அப்படியே நின்றார். ஆறு வாரத்துக்குப் பிறகு வந்த முதல் 'அத்தை'யை நடுவிலேயே வெட்டிவிட்டோமே என்று அழுகை வந்துவிட்டது.

மறுபடி கிடைக்க நாலே கால் மணி ஆயிற்று. இடையில் எத்தனை பேர் எடுத்தார்கள் என்ற எண்ணிக்கை அவருக்கு விட்டுப்போயிருந்தது. 'பதினேழு' என்று கேட்டதும் போனை மேஜை மேல் வைத்து, கையைத் தூர இழுத்துக்கொண்டு பேசினார்.

"ஏன் வெச்சீங்க?" என்றாள் மருமகள்.

"நான் வெக்கலம்மா, கை வெச்சிருச்சு."

மருமகள் சிரித்தாள். சட்டென்று அடக்கிக்கொண்டாள். "நல்லா கேட்டுக்குங்க அத்தை. நீங்க ஒண்ணுதான் போடணும்."

"என்னடி சொல்றே?"

"ஒண்ணு விழுந்த போன்காலோட பதிவை மட்டும்தான் மேலாளர் போட்டுக் கேப்பார். ரெண்டு விழுந்தாக்கூட கேக்க மாட்டாங்க, ராத்திரி அழிச்சிடுவாங்க. உங்க புகார் மேல போகணும்னா ஒண்ணு போட்டாத்தான் போகும். இத நான் உங்களுக்குச் சொல்லக் கூடாது."

"உன் வேலை?"

"எல்லாருக்கும்தானே ஒண்ணு விழுது. அறுபது பேரையும் அனுப்பிட்டு மேலாளரே உக்காந்து போன் எடுப்பாரா?"

தைரியமாகத்தான் சொன்னாள். ஆனால் கடைசி வார்த்தையில் குரல் லேசாக வழுக்கியது. டெய்லரம்மாவின் காது அதை விடவில்லை.

"நான் ஒருத்திக்கு அஞ்சு போட்டுட்டேன்மா. சளி பிடிச்ச பொண்ணு."

"நாப்பத்திரண்டா? பரவாயில்ல, அவளுக்கு உதவும்." மருமகள் தொண்டையைச் செருமிக்கொண்டாள். "சரி, உங்க புகாரைச் சொல்லுங்க. எழுதிக்கறேன். புகார் இல்லாம போன்காலை முடிக்க முடியாது."

ஆறு வாரமாகத் துண்டுப் பிரசுரம் எழுதிய கைக்கு இப்போது ஒரு வாசகம் கூட வரவில்லை. நொடிக் கணக்கு, நியாயமான கட்டணம், பொதுமக்கள் கோரிக்கை எல்லாம் எங்கேயோ போய்விட்டன. வந்தது வேறு.

"போன வருஷம் எங்க அக்கா ஆஸ்பத்திரியிலேர்ந்து பேசினா. நல்லாத்தான் பேசினா. அவ வீட்டு ஜன்னல் திரை நாலு விரக்கடை குட்டையா போச்சாம். அதை என்ன செய்யலாம்னு கேக்க ஆரம்பிச்சா. ஐம்பத்தஞ்சு ஆச்சு. நாளைக்குப் பேசிக்கலாம்னு வெச்சுட்டேன்." மேஜையில் கிடந்த நூலைச் சுருட்டினார். "மறுநாள் இல்ல அவ. கீழ பட்டி வெச்சுத் தெக்கலாம், அரை நிமிஷத்துல சொல்லியிருப்பேன். அந்த அரை நிமிஷம்தாம்மா என் புகார்."

விசைப்பலகையில் தட்டும் சத்தம் கேட்டது. பிறகு அது நின்றது. பிறகு மறுபடி கேட்டது.

"இத நீங்க எங்ககிட்ட சொன்னதே இல்லையே அத்தை."

"எங்கேம்மா சொல்றது."

"பதிவு பண்ணிட்டேன்." மூக்கை உறிஞ்சும் சத்தம். இவளுக்குச் சளி இல்லை. "இப்ப ஒண்ணு போடுங்க. இரக்கப்பட்டு வேற எதையாவது போட்டுடாதீங்க."

மதிப்பெண் கேட்கும் குரல் வந்தது. டெய்லரம்மா விரலை நீட்டினார். ஒன்றை அழுத்தினார். நன்றி என்றது குரல்.

அஞ்சே கால் மணிக்குத் தலைவர் கடைக்கு வந்தார். வெற்றி பெற்ற மனிதர் வேகமாக வருவார் என்று எதிர்பார்ப்போம். இவர் மெதுவாக வந்தார்.

"மேலாளர் படிப்பகத்துக்கே போன் பண்ணினார். நாளைக்குப் பத்து மணிக்குப் பேச்சுவார்த்தை."

"நிஜமாவா?" டெய்லரம்மா எழுந்துவிட்டார். "ஜெயிச்சிட்டோமா தலைவரே?"

"மத்தியானத்துலேர்ந்து ஒண்ணு விழுந்த காலா கேட்டுக்கிட்டிருந்தாராம். கடைசியா ஒரு காலை முழுசா ரெண்டு தடவை கேட்டாராம். யாரோ அக்கா, ஜன்னல் திரைன்னார். நீங்கதானே?"

"ஆமா."

"உங்களையும் கூட்டிட்டு வரச் சொன்னார். அப்புறம்..." தலைவர் அவர் முகத்தைப் பார்க்காமல் மிஷினைப் பார்த்துச் சொன்னார். "அந்தக் காலை எடுத்த பதினேழாம் நம்பரும் பேச்சுவார்த்தையில இருக்கும்னார். உங்க மருமகளாமே."

டெய்லரம்மாவுக்கு அப்போதுதான் உறைத்தது. ஒன்று விழுந்த அழைப்பை மேலே கேட்பார்கள். அந்த அழைப்பில் மருமகள் எத்தனை தடவை 'அத்தை' என்றாள். 'இத நான் உங்களுக்குச் சொல்லக் கூடாது' என்றும் சொன்னாளே.

"ஆறு வாரமா ஒரே மேஜையில உக்காந்திருக்கோம்" என்றார் தலைவர். கோபமாகச் சொல்லியிருந்தால் தேவலை. "இத நான் கம்பெனிக்காரன் வாயால தெரிஞ்சுக்கணுமா செயலாளரம்மா?"

வெட்கத்தில் அவருக்குத் தலை தானாகக் குனிந்தது. தலைவரும் பதிலுக்குக் காத்திருக்காமல் இறங்கிப் போனார்.

அவர் தெரு முனையைத் தாண்டியதும் மருமகள் வந்தாள். கழுத்தில் இன்னும் அந்தப் பதினேழு தொங்கிக்கொண்டிருந்தது. கடைக்கு அவள் வந்து பல மாதம் இருக்கும். வெட்டும் மேஜை ஓரத்தில், காலையில் அவள் கணவன் உட்கார்ந்த அதே ஓரத்தில் உட்கார்ந்து, கால்களைத் தொங்கப் போட்டாள். அழுதிருக்கிறாளா, சிரித்திருக்கிறாளா என்று முகத்தைப் பார்த்துக் கண்டுபிடிக்க முடியவில்லை.

"பட்டியல் ஒட்டிட்டாங்களாம்மா?"

"ஒட்டிட்டாங்க. மத்த ஐம்பத்தொன்பது பேரும் இருக்காங்க, நாப்பத்திரண்டு உள்பட. என் பேரை மட்டும் மேலாளர் தனியா எடுத்து வெச்சிருக்காராம். நாளைக்குப் பேச்சுவார்த்தை முடிஞ்சுதான் சொல்வாராம்."

"என்னாலதானே. என் போனை எடுக்காம இருந்திருந்தா..."

"என்னை அத்தைன்னு சொல்லச் சொன்னது நீங்களா? மேலாளர் கேப்பார்னு எனக்குத் தெரியும். தெரிஞ்சும் எப்படி வந்துச்சுன்னு வர்ற வழியெல்லாம் யோசிச்சுட்டேன். வாய் தவறிச் சொன்னேனா, வேணும்னு சொன்னேனான்னு எனக்கே தெரியல."

டெய்லரம்மா பக்கத்தில் போய் நின்றார். தொடலாமா என்று தயங்கினார். பிறகு அவள் தோளில் கையை வைத்தார். மருமகள் விலகவில்லை.

"நாளைக்கு அங்க பெரிய மேஜை போட்டிருப்பாங்க" என்றாள் அவள். "ஒரு பக்கம் கம்பெனி ஆளுங்க, எதிர்ப்பக்கம் உங்க குழு. நான் இன்னும் கம்பெனி ஆளான்னு அவருக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது."

அட்டையைக் கழற்றினாள். எங்கே வைப்பது என்று தெரியாமல் கையிலேயே வைத்துக்கொண்டு நிமிர்ந்து பார்த்தாள்.

"நான் எந்தப் பக்கம் உக்காரட்டும் அத்தை?"